பொதுச்சுவரில் ஒரு கதவு

சண்டைக்காரர்களுக்கு இந்த ஊரில் ஒரு குறையும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது, கவுன்சிலர் வீட்டு வாசல் இருக்கிறது, ஒன்றும் சரிப்படாவிட்டால் டீக்கடை இருக்கிறது. ஒத்துப்போகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்கள் போய் நிற்க ஒரு ஜன்னல் கிடையாது. ஆவடி சேக்காட்டில் குடியிருக்கும் பஷீர் அகமது இதைத் தெரிந்துகொள்ள முழுசாக ஒரு வருஷத்தைச் செலவழித்தார். அவர் வயதில் அது சின்னச் செலவல்ல.

பஷீர் பாய் பூந்தமல்லியில் பெட்டி, பை ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மனைவி வஹீதுன்னிசா மவுத்தான பிறகு கடைக்குப் போக மனசில்லாமல் ஷட்டரை இறக்கிவிட்டார். மகள் அஃப்ஷீன் முகப்பேரில் இருக்கிறாள். ஆவடிக்கும் முகப்பேருக்கும் நடுவில் சமுத்திரம் ஒன்றும் கிடையாது, ஆனாலும் அவள் வரப்போவது எப்போது கேட்டாலும் அடுத்த வாரமாகவே இருந்தது. பாய் பழக்கதோஷத்தில் தினமும் இரண்டு பேருக்கு டீ போட்டு, ஒன்றைக் குடித்துவிட்டு மற்றதைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அவர் வீட்டுக்கு முதுகோடு முதுகு ஒட்டியது தட்சிணாமூர்த்தி வீடு. இவர் வாசல் ஒரு தெரு, அவர் வாசல் வேறு தெரு, நடுவில் ஒரு பொதுச்சுவர். எத்தனையோ வருஷமாக ஒரு வீட்டுத் தாளிப்பு வாசனை மற்ற வீட்டுக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. தட்சிணாமூர்த்தி பாடியில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் மிஷினோடு காலத்தைக் கழித்தவர். அந்த இரைச்சலில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. போனில் பேசினால் ஒன்றும் விளங்காது, எதிராளியின் முகத்தைப் பார்த்தால்தான் பேச்சு புரியும். முட்டியும் தகராறு. அவருக்கும் மனைவி இல்லை. மகன் கோகுல்நாத் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான்.

போன புயல் மழையில் அந்தச் சுவர் நடுவில் பொத்தென்று விழுந்தது. காலையில் பாய் துடைப்பத்தோடு இந்தப் பக்கம் வந்து நின்றார். அந்தப் பக்கம் தட்சிணாமூர்த்தி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் இடிந்த செங்கல்லைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“இன்னா பாய், இம்மாங்கிட்டயா கீறே நீ?” என்றார் தட்சிணாமூர்த்தி.

அன்றிலிருந்து அந்த இரண்டாவது டீயைக் குடிக்க ஆள் கிடைத்தது. ஒருவர் காய் நறுக்கினால் மற்றவர் வதக்குவார். பாய் பேப்பர் படித்துச் சொல்வார், தட்சிணாமூர்த்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து எல்லாக் கட்சியையும் ஒரே மாதிரி திட்டுவார். இருமினால் கேட்க ஒரு ஆள், ரசத்தில் உப்பில்லை என்று குறை சொல்ல ஒரு ஆள். பஷீர் பாய்க்கு வாழ்க்கையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

செங்கல் குவியலைத் தாண்டி வருவதற்குத்தான் தட்சிணாமூர்த்தியின் முட்டி இடம் கொடுக்கவில்லை. சுவரைக் கட்டுவோம், நடுவில் சின்னதாக ஒரு கதவு வைப்போம் என்று இருவரும் முடிவு செய்தார்கள். அஃப்ஷீனிடம் போனில் சொன்னபோது, எதுவானாலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள் அத்தா, நாளைக்குப் பிரச்சினை வரக்கூடாது என்றாள். நல்ல புத்திதான். இரண்டு பேரும் ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். சொல்ல யாரும் இல்லாததால் பாய் சட்ட உதவி தேடிப் போனார்.

ஆவடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் ‘அண்டை அயலார் மற்றும் சிறுதொழில் சட்ட வழிகாட்டு மையம்’ இயங்குகிறது. அங்கே இரண்டு ஜன்னல்கள். ஒன்று பக்கத்து வீட்டுத் தகராறுக்கு, இன்னொன்று சிறு வியாபார ஒப்பந்தத்துக்கு. முதல் ஜன்னலில் ஆக்னஸ் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். பெரியவரே, உக்காருங்க என்று சொல்லிவிட்டு, யார் மேல் புகார் என்று கேட்டாள்.

யார் மேலேயும் இல்லை என்றார் பாய். பக்கத்து வீட்டுக்காரரும் நானும் ஒரு கதவு வைக்கப் போகிறோம், அதை எப்படி எழுதிக்கொள்வது என்று கேட்டுப் போக வந்தேன்.

ஆக்னஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். தகராறு இல்லாதவர்களுக்கு அதில் இடம் இல்லை. ஒத்துக்கொண்டு செய்வதென்றால் அது ஒப்பந்தம், அடுத்த ஜன்னல் என்று அனுப்பிவைத்தாள்.

அடுத்த ஜன்னலில் இருந்த ஜெகதீஷுக்கு இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்ததில் உற்சாகம். கதவை ஒரு கூட்டு வியாபாரமாக எடுத்துக்கொண்டு மளமளவென்று எழுத ஆரம்பித்தான். கூட்டாளிகள் இருவர். வேலை நேரம் காலை, மாலை. கூட்டிலிருந்து விலகுவதானால் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் கூட்டாளிகளில் எவரும் வேறு பக்கத்து வீட்டுக்காரரோடு டீ குடிக்கக்கூடாது. எல்லாம் எழுதி முடித்த பிறகு, டீக்கு அவர் என்ன தருகிறார் என்று கேட்டான்.

“டீக்கு எதுக்குப்பா தரணும்? சும்மாதான் குடிக்கிறாரு,” என்றார் பாய்.

ஜெகதீஷ் முகம் வாடிவிட்டது. மறுபயன் இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது என்று விளக்கினான். ஒருத்தர் கொடுத்தால் பதிலுக்கு மற்றவர் ஏதாவது கொடுக்க வேண்டும். சில நாள் தட்சிணாமூர்த்தி உப்புமா கொண்டுவருவார் என்று பாய் ஞாபகப்படுத்திச் சொன்னார். அது பண்டமாற்று, அதைப் பார்க்கிறவர் மாற்றலாகிப் போய்விட்டார் என்று சொல்லி, எழுதியதைக் கிழித்துப் போட்டு, ஜெகதீஷ் அவரைத் திரும்ப ஆக்னஸிடம் அனுப்பினான்.

ஆக்னஸுக்கு மனசு கேட்கவில்லை. தகராறு என்று பதிவு செய்துவிடலாம், பேருக்குத்தான், பிறகு சமாதானம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், அந்தத் தாளில் கதவையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிக்கும் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது.

கம்ப்யூட்டர் தகராறின் வகையைக் கேட்டது. ஆக்கிரமிப்பு, சாக்கடை, மரக்கிளை, சத்தம், அத்துமீறி நுழைதல். இவற்றில் ஒன்றைச் சொன்னால்தான் அது மேலே போகும்.

“அவரு உங்க ஊட்டுப் பக்கம் வருவாரா?”

“தினம் வருவாரும்மா.”

“கேட்டுட்டு வருவாரா?”

“எதுக்கு கேக்கணும்? அவரு பாட்டுக்கு வருவாரு.”

எதிர்மனுதாரர் தட்சிணாமூர்த்தி என்பவர், மனுதாரர் பஷீர் அகமதுவின் வீட்டுக்குள் தினந்தோறும் அனுமதியின்றி அத்துமீறி நுழைந்து வருகிறார் என்று ஆக்னஸ் தட்டினாள். பாய் கண்ணாடியை மறந்து வந்திருந்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

அழைப்பாணை தட்சிணாமூர்த்திக்கு வந்தது. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, செங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“பாய், நானு அத்துமீறி நொயையறனாம். சரி, டீய போடு, நொயையறேன்.”

அன்று நுழைந்ததுதான். மறுநாள் மையத்திலிருந்து இரண்டு ஆட்கள் தகர ஷீட்டோடு வந்து, விழுந்த இடத்தை அடைத்துக் கட்டிவிட்டார்கள். கூட வந்த ஜெகதீஷ், விசாரணை முடியும்வரை தற்போதுள்ள நிலை தொடர வேண்டும் என்பது விதி என்றான். தற்போதுள்ள நிலை திறந்துதானே இருக்கிறது என்று பாய் கேட்டார். அது தகராறுக்குள்ளான நிலை என்றான் ஜெகதீஷ். தகராறுக்குள்ளாகாத நிலை எது என்றால் சுவர் விழுவதற்கு முந்தைய நிலை, அதைத்தான் தகரத்தால் காட்டியிருக்கிறோம். இனி இருதரப்பும் நேரடியாகப் பேசிக்கொள்ளக் கூடாது, சாட்சியம் கெட்டுவிடும்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சொத்து சம்பந்தப்பட்டது என்பதால் வாரிசுகளுக்கும் நகல் போனது. வருவதற்கு நேரமில்லாமல் இருந்த இரண்டு வாரிசுகளும் மறுநாளே வந்து சேர்ந்தார்கள். கோகுல்நாத் பெங்களூரிலிருந்து காரில் வந்தான், டிக்கியில் அளவு டேப் இருந்தது. அஃப்ஷீன் கணவனோடு வந்தாள். பாய் மகளைப் பார்த்த சந்தோஷத்தில் பிரியாணி செய்யலாமா என்று கேட்டார். அவள், பத்திரம் எங்கே இருக்கிறது அத்தா என்று கேட்டாள். இரண்டு வாரிசுகளும் தகரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, அஸ்திவாரம் யார் இடத்தில் ஒரு விரற்கடை அதிகம் போயிருக்கிறது என்று சத்தம் போட்டுக்கொண்டார்கள். அந்தத் தெருவில் அதுவரை இல்லாத தகராறு, சட்டப்படி பதிவான பிறகு, முறையாகப் பிறந்தது.

விசாரணை நாள் வந்தது. பஷீர் பாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தாடிக்கு அத்தர் தடவிக்கொண்டு போனார். அன்றைக்குத் தட்சிணாமூர்த்தியைப் பார்க்கலாம்.

நீண்ட மேஜை. ஒரு ஓரத்தில் பாய், மறு ஓரத்தில் தட்சிணாமூர்த்தி, நடுவில் தலைமை வழிகாட்டி சுப்பராயன். சுப்பராயன் கனத்த குரலில் தொடங்கினார்.

“இந்த மையத்துக்கு வந்து சமாதானம் ஆகாமல் போனவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்களைச் சமாதானம் செய்வது யாராலும் முடியும். சண்டையே இல்லாமல் வந்தவர்களைக்கூட நாங்கள் சமாதானம் செய்து அனுப்பியிருக்கிறோம். சென்ற ஆண்டு எங்களுக்குக் கிடைத்த கேடயம் அதற்காகத்தான்.”

எங்களுக்குள்ளே சண்டையே இல்லை ஐயா என்று பாய் எழுந்து சொன்னார். சுப்பராயன் கனிவோடு சிரித்தார். எல்லாரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், சண்டையை ஒப்புக்கொள்வதுதான் சமாதானத்தின் முதல் படி, அவசரப்படாதீர்கள் என்றார்.

தட்சிணாமூர்த்திக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. அவர் பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாய், இன்னா எளச்சிட்டே? துன்னியா இல்லியா?”

சுப்பராயன் கையை உயர்த்தினார். எதுவானாலும் தன் மூலமாகத்தான் கேட்க வேண்டும். ஜெகதீஷ் அதை ஒரு தாளில் எழுதித் தட்சிணாமூர்த்திக்குக் காட்டினான். அவர் படித்துவிட்டு, சரி சார், பாய் துன்னாரான்னு நீயே கேளு என்றார்.

“மனுதாரர் உணவு உட்கொண்டாரா என்று எதிர்மனுதாரர் வினவுகிறார்,” என்றார் சுப்பராயன், பாய் பக்கம் திரும்பி.

“ஒண்டியா உக்காந்து சாப்பிட புடிக்கலன்னு சொல்லுங்க ஐயா.”

மனுதாரர் எதிர்மனுதாரரால் ஏற்பட்ட மன உளைச்சலில் உணவை மறுத்து வருகிறார் என்று ஜெகதீஷ் குறித்துக்கொண்டான். சேர்த்து இன்னொரு பிரிவும் போடலாமா என்று சுப்பராயனைக் கேட்டான். அதற்குள் தட்சிணாமூர்த்தி சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த கடலை மிட்டாயை எடுத்து மேஜை மேல் பாயை நோக்கித் தள்ளினார். அது பாதி வழி வந்தபோது சுப்பராயன் கை வைத்து நிறுத்தினார். விசாரணையின்போது தரப்பினர் பொருள் பரிமாறிக்கொண்டால் அது லஞ்சம். மிட்டாய் சான்றுப் பொருளாக வைக்கப்பட்டது. பிறகு ஜெகதீஷ் அதைத் தின்றதை ஆக்னஸ் பார்த்திருக்கிறாள்.

விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதமும் ஒத்திவைக்கப்பட்டது. பாய்க்கு அதில் வருத்தம் இல்லை. ஒத்திவைக்கிற ஒவ்வொரு முறையும் மேஜைக்கு மறு ஓரத்தில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருப்பார். ஒரு முறை தலை முடி வெட்டியிருந்தார். ஒரு முறை கையில் சுட்ட தழும்பு இருந்தது, தோசைக்கல்லில் சுட்டுக்கொண்டாராம், சுப்பராயன் மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வீடு திரும்பினால் தகர ஷீட். காற்றடித்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். அந்தப் பக்கத்து ஆளுக்கு அதுகூடக் கேட்காதே என்று நினைத்துப் பாய் வருத்தப்படுவார்.

கடைசியில் தீர்ப்பு நாள். இங்கே ஒரு சிக்கல் வந்தது. நடுவழியில் தீர்ப்பதுதான் மையத்தின் வழக்கம். ஒருவருக்குக் கதவு வேண்டும், மற்றவருக்கு வேண்டாம் என்றால் ஜன்னல் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இங்கே இரண்டு பேரும் கதவு கேட்டார்கள். நடு எங்கே என்று தெரியாமல் சுப்பராயன் திணறிப்போனார். தகராறே அகப்படாத வழக்கைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை என்றார். கேடயத்தின் மேல் சத்தியமும் செய்தார். அப்போது ஜெகதீஷ்தான், கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டான்.

“அவரு பக்கமே இருக்கட்டும்,” என்றார் பாய். “அவரு எப்ப வேணும்னாலும் தொறந்துகினு வரட்டும். நான் பூட்டி வெச்சா நல்லா இருக்குமா?”

தாளில் எழுதிக் காட்டியதும் தட்சிணாமூர்த்தி பலமாகத் தலையாட்டினார். “அதெல்லாம் கூடாது சார். பாய் ஊடு பொம்பளப் புள்ள வந்து போற ஊடு. தாப்பா அவரு கைலதான் இருக்கணும். நம்ம பக்கம் வாணாம்.”

இல்லை அவர் பக்கம்தான் என்றார் பாய். பாய் பக்கம்தான் என்றார் தட்சிணாமூர்த்தி. மரியாதைக்கு ஒருவர் விட்டுக்கொடுத்தால் மற்றவர் அதைவிட அதிகமாக விட்டுக்கொடுப்பதுதானே நம் ஜனங்களின் வழக்கம். பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதற்குக்கூட அப்படித்தான் சண்டை போடுவார்கள். இரண்டு கிழவர்களும் எழுந்து நின்று, மேஜையைத் தட்டி, நீ வைத்துக்கொள் நீ வைத்துக்கொள் என்று குரலை உயர்த்தினார்கள்.

சுப்பராயன் முகத்தில் ஒளி வந்துவிட்டது.

“பார்த்தீர்களா, இதுதான். இத்தனை மாதமாக மனதுக்குள் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்த தகராறு இன்றைக்கு வெளியே வந்துவிட்டது. தாழ்ப்பாளைப் பற்றி இருதரப்பும் ஒத்துப்போக வழியே இல்லை. தாழ்ப்பாள் இருந்தால்தானே தகராறு? கதவு இருந்தால்தானே தாழ்ப்பாள்? ஆகவே கதவு வேண்டாம்.”

வாரிசுகள் இருவரும் கைதட்டினார்கள். சுவர் முன்பைவிட ஒரு ஆள் உயரம் கூடுதலாக, இடைவெளி இல்லாமல் எழுப்பப்பட வேண்டும். அமைதி நிலைக்கும்பொருட்டு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக்கூடாது. பத்திரங்கள் அதற்குள் வாரிசுகள் கைக்குப் போய்விட்டதால் கையெழுத்தும் அவர்களே போட்டார்கள். பெரியவர்களுக்கு ஆளுக்கொரு சால்வை போர்த்தினார்கள்.

போட்டோ எடுப்பவர், கட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அவர்கள் கட்டிப் பிடித்தார்கள். போட்டோ எடுத்தாகிவிட்டது, போதும் என்றார். அவர்கள் விடவில்லை. தட்சிணாமூர்த்திக்குக் காது கேட்காது, பாய்க்குக் கேட்டது. கேட்டும் அவர் கையை எடுக்கவில்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம் பாருங்கள் என்று சுப்பராயன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் படம் இப்போதும் மையத்தின் மாடிப்படியில் மாட்டியிருக்கிறது.

சுவர் எழும்பியது. பூசி, வெள்ளையடித்து, ‘இது ஒரு சுமுகத் தீர்வு’ என்று மையத்தின் பெயரோடு பாய் பக்கம் எழுதிவைத்தார்கள். கோகுல்நாத் அப்பாவின் கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றி, பின்கட்டைப் பூட்டிவிட்டு, ஒரு சமையல்காரம்மாவையும் ஏற்பாடு செய்துவிட்டுப் பெங்களூருக்குப் போனான். அஃப்ஷீன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு முகப்பேருக்குப் போனாள். வழக்கு முடிந்துவிட்டதால் அவர்கள் வர வேண்டிய தேவை எதுவும் இல்லை.

ஒரு சாயங்காலம் பாய்க்குப் பொறுக்கவில்லை. ஒரு தூக்கில் டீயை ஊற்றிக்கொண்டு, மெயின் ரோடு வழியாகச் சுற்றி, அடுத்த தெருவுக்கு நடந்து போனார். தட்சிணாமூர்த்தி வீட்டுக் கேட்டில் கை வைத்ததும் மேலே இருந்த கேமரா பேசியது. கோகுல்நாத்தின் குரல், பெங்களூரிலிருந்து.

“அங்கிள், அக்ரிமென்ட் போட்டிருக்கோம் இல்ல. ப்ளீஸ், போயிடுங்க. எதுவா இருந்தாலும் மையத்து மூலமா வாங்க.”

பாய் கேமராவைப் பார்த்து, அப்பா நல்லா இருக்காராப்பா என்று கேட்டார். கேமரா அணைந்துவிட்டது. உள்ளே ஜன்னல் திறந்திருந்தது, கட்டிலின் கால் மட்டும் தெரிந்தது. அவர் மூர்த்தி, மூர்த்தி என்று கூப்பிட்டுப் பார்த்தார். கூப்பிட்டால் கேட்கிற காதா அது. தூக்கோடு திரும்பி நடந்தார். வழியில் எங்கேயோ நின்று அழுதார் என்று சொல்கிறார்கள், அவர் என்னிடம் கண்ணில் தூசி விழுந்தது என்றுதான் சொன்னார்.

மறுநாள் காலை மையம் திறக்கும் முன்பே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஆக்னஸ் வந்து ஜன்னலைத் திறந்தாள். அவளுக்கு அவரைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. முடிஞ்ச கேஸாச்சே பெரியவரே, இன்னும் என்ன என்று கேட்டாள்.

“புதுசா ஒரு புகார் குடுக்கணும்மா. தட்சிணாமூர்த்தி மேல.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

அவள் கம்ப்யூட்டரைத் தட்டினாள். வகை என்ன என்று அது கேட்டது. மரக்கிளையா, சாக்கடையா, ஆக்கிரமிப்பா என்று ஒவ்வொன்றாக அவள் படித்தாள். பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தார். சத்தம் என்று படித்தபோது நிறுத்தச் சொன்னார்.

“இன்னா சத்தம் வருது?”

“ஒரு சத்தமும் வரலம்மா. அதான் புகார்.”

ஆக்னஸ் நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு, எதிர்மனுதாரர் வீட்டுச் சத்தத்தால் மனுதாரருக்குத் தாங்கமுடியாத துன்பம் என்று எழுதினாள். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டாள். பாய் வேண்டாம் என்றார். தேதி என்றைக்குக் கிடைக்கும், அன்றைக்கு அவரைக் கட்டாயம் அழைத்துவருவார்களா, உடம்பு சரியில்லை என்று யாராவது தடுத்துவிட மாட்டார்களே என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“வந்துதான் ஆவணும் பெரியவரே. சட்டம். உங்க எதிர்ல வந்து உக்காருவாரு.”

பஷீர் பாய் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார். இரண்டு அடி போனவர் திரும்பி வந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இந்தத் தடவை சீக்கிரம் சமாதானம் பண்ணிவிட வேண்டாம் என்று ஐயாவிடம் சொல்லச் சொன்னார்.